துல்லியோவின் பின்சக்கரம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. மெஸ்ஸில் எந்த டேபிளில் உட்கார்ந்தாலும் ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட் பற்றித்தான் பேச்சு. எங்கள் டீம் முதல் ரிவ்யூவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. போன செமஸ்டரில் மினி ப்ராஜெக்டுக்காகச் செய்த ஒரு குட்டி கிளட்ச் எங்களிடம் இருக்கிறது. வேலையும் செய்யும். அதை எதில் பொருத்தலாம் என்று நாலு பேரும் ரெண்டு மாசமாக அலைகிறோம். தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு பிரச்சினையைத் தேடாதீங்கப்பா என்று கைடு சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் ரொம்ப வலித்தது.

அந்த வாரம்தான் இந்த மனுஷனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பெயர் துல்லியோ காம்பன்யோலோ. இத்தாலிக்காரர். 1901ல் பிறந்து 1983ல் இறந்தவர். ரேஸ் சைக்கிள் பைத்தியங்களுக்கு இவர் குலசாமி மாதிரி. பெயரிலேயே துல்லியம் இருப்பது நமக்கு மட்டும் கிடைத்த போனஸ்!

இவர் கதையை ஊரிலிருந்து தொடங்குவதுதான் சரி. வட இத்தாலியில் விசென்சா என்று ஒரு நகரம். ஒரு பக்கம் பார்த்தால் தட்டையான வயல்வெளி. வடக்கே திரும்பினால் சட்டென்று மலை எழும்பும். ஆல்ப்ஸ் இன்னும் உள்ளே இருக்கிறது, இது அதன் அடிவாரம். அசியாகோ பீடபூமி, மோன்டே க்ராப்பா, பசுபியோ எல்லாம் இந்த வரிசையில்தான் வரும். நடுவில் ப்ரென்டா, பியாவே என்று இரண்டு ஆறுகள் மலையைப் பிளந்துகொண்டு சமவெளிக்கு இறங்குகின்றன. மலைக்குள் போக வேண்டும் என்றால் அந்தக் காலத்தில் ஆற்றங்கரையைப் பிடித்துத்தான் போக வேண்டும். ரோமானியர்கள் போட்ட சாலையே அப்படி ஒரு பள்ளத்தாக்கு வழியாக ஃபெல்ட்ரே ஊரைத் தொட்டுக்கொண்டு ஆல்ப்ஸைத் தாண்டிப் போகிறது.

துல்லியோவின் அப்பா விசென்சாவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். நட்டு, போல்ட்டு, ஆணி, கம்பி. பையன் அதற்குள்ளேயே வளர்ந்தான். பதினான்கு வயதாகும்போது இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியது. போர் எங்கோ தூரத்தில் நடக்கவில்லை. அவன் ஊருக்கு வடக்கே கண்ணுக்குத் தெரிகிற அந்த மலைகளிலேயே நடந்தது. 1916ல் அசியாகோ பீடபூமியில் பெரிய தாக்குதல். 1917 கடைசியில் இத்தாலியப் படை பின்வாங்கி க்ராப்பா மலையிலும் பியாவே ஆற்றங்கரையிலும் வந்து நின்றது.

பீரங்கியையும் சாப்பாட்டையும் மலை மேல் ஏற்ற ராணுவம் ரோடு போட்டது. ஒன்றிரண்டு இல்லை, மலை முழுக்க வளைந்து வளைந்து போட்டது. பசுபியோவில் பாறையைக் குடைந்து 52 சுரங்கங்களோடு ஒரு பாதையையே 1917ல் கட்டி முடித்தார்கள். கனமான வண்டி ஏற வேண்டும் என்பதால் பல ரோடுகளில் சரிவு ஒரே சீராக இருக்கும். போர் முடிந்ததும் பீரங்கி போய்விட்டது, ரோடு மிச்சம். இன்றைக்கு ஐரோப்பாவில் கிராவல் பைக்கிங் என்று ஒரு மோகம் ஓடுகிறது இல்லையா, தார் ரோட்டை விட்டுவிட்டுச் சரளைப் பாதையில் தடித்த டயர் போட்டுப் போவது? அவர்கள் இந்தப் பக்கம் வந்து மிதிப்பது பெரும்பாலும் அந்தப் போர்ப் பாதைகளில்தான். 52 சுரங்கப் பாதையில் மட்டும் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஒரு பக்கம் அதலபாதாளம், அதனால் நடந்துதான் போக முடியும். சைக்கிள்காரர்கள் பக்கத்தில் இருக்கும் ஸ்கருப்பி என்ற இன்னொரு ராணுவப் பாதையில் ஏறுகிறார்கள்.

1920களில் துல்லியோ சைக்கிள் ரேஸ் ஓட்டினார். அப்போது கிராவல் என்று தனிப்பெயர் கிடையாது, ஏனென்றால் எல்லா ரோடும் அதுதான். ஊரைத் தாண்டினால் வெள்ளைப் புழுதி, மழை பெய்தால் சகதி, மலையில் ஜல்லி.

இப்போது கொஞ்சம் டெக்னிக்கல். அன்றைய ரேஸ் சைக்கிளில் கியர் எப்படி மாற்றினார்கள்? பின்சக்கர ஹப்பின் ஒரு பக்கம் சின்னப் பல்சக்கரம், இன்னொரு பக்கம் பெரிய பல்சக்கரம். சமவெளியில் சின்னது. மலை அடிவாரம் வந்ததும் சைக்கிளை நிறுத்தி இறங்கி, இரண்டு பக்கமும் இருக்கும் இறக்கை வைத்த நட்டை (விங் நட்) கையால் கழற்றி, சக்கரத்தை வெளியே எடுத்து, திருப்பிப் போட்டு, செயினை மாட்டி, இழுத்து டைட் பண்ணி, நட்டை முடுக்கி, மறுபடி ஏறி உட்கார வேண்டும். உச்சிக்குப் போனதும் இத்தனையும் திரும்ப ஒரு தடவை. கியர் மாற்றும் வேகத்தில் ஜெயித்தவர்கள் உண்டு, தோற்றவர்களும் உண்டு.

டீரெய்லர் அதற்கு முன்பே பிரான்ஸில் இருந்தது. சும்மா ஊர் சுற்றும் சைக்கிள்காரர்கள் பயன்படுத்தினார்கள். ஆனால் டூர் டி ஃபிரான்ஸை உருவாக்கிய ஆன்றி தெக்ராஞ்ச் பிடிவாதக்காரர். ஜெயிக்க வேண்டியது காலா மெஷினா என்பது அவர் கட்சி. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937ல்தான் அந்த ரேஸில் டீரெய்லரை அனுமதித்தார்கள்.

சரி, பிரபலமான சீனுக்கு வருவோம். 1927 நவம்பர் 11. ஃபெல்ட்ரேவுக்கு மேலே க்ரோச்சே தாவ்னே என்று ஒரு கணவாய், உயரம் சுமார் 1,000 மீட்டர். ஃபெல்ட்ரேவிலிருந்து பெடவேனா கிராமத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். பனி விழுந்த சாலை. ரேஸில் துல்லியோ முன்னணியில் வருகிறார். கியர் மாற்ற இறங்குகிறார். விங் நட் அசையவில்லை. குளிரில் விரல் மரத்துப்போயிருக்கிறது, நட்டும் உறைந்து கிடக்கிறது. திருகுகிறார், வரவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போகிறார்கள். பின்பக்கம் எதையாவது மாற்றியே ஆகணும் என்று முனகிக்கொண்டே மலையிறங்கியதாகக் கதை.

கதை என்று ஏன் சொல்கிறேன்? இது நடந்தது 1924 என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சைக்கிள் வரலாறு எழுதும் சிலருக்கு இப்படி ஒரு நாள் இப்படியே நடந்ததா என்பதிலேயே சந்தேகம். எனக்கும் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆப்பிள் விழுந்ததும் நியூட்டனுக்கு ஈர்ப்பு விசை புரிந்தது மாதிரி, நட்டு மாட்டியதும் துல்லியோவுக்கு ஐடியா வந்தது என்பது சினிமா திரைக்கதை. ஆனால் குளிர்காலத்தில் மலை மேல் விங் நட் கழற்றுவது எவ்வளவு பாடு என்பது அந்தப் பக்கம் ரேஸ் ஓட்டிய எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு நாள் நடந்ததோ, பத்து நாள் நடந்ததோ. ஹார்டுவேர் கடைக்காரர் மகனுக்கு அது உறுத்தியது.

அவர் செய்தது இதுதான். ஆக்சிலை உள்ளே குழலாக்கினார். அதன் வழியாக ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் ஒரு முனையில் நட், மறுமுனையில் ஒரு லீவர். லீவருக்குள்ளே கேம் இருக்கிறது. அரை வட்டம் திருப்பினால் கேம் கம்பியை இழுக்கும், இரண்டு பக்கமும் ஃப்ரேமை இறுக்கிப் பிடிக்கும். திரும்ப அரை வட்டம் திருப்பினால் சக்கரம் விடுபடும். ஸ்பேனர் வேண்டாம், விரல் நுனி வேண்டாம், மரத்துப்போன உள்ளங்கையால் தள்ளினாலே போதும். இதுதான் குயிக் ரிலீஸ். 1930ஐத்தான் அது பிறந்த வருஷமாகச் சொல்கிறார்கள். 1933ல் அப்பா கடையின் பின்னறையில் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்.

டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி பேப்பரில் கேம் ப்ரொஃபைல் வரைந்து கை ஓய்ந்தவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். விங் நட்டில் பிடிப்பு எவ்வளவு என்பதை உங்கள் விரல் பலம் முடிவு செய்கிறது. கேமில் அதை வடிவமே முடிவு செய்கிறது. ஒருமுறை நட்டைச் சரியாக வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே இறுக்கம் கிடைக்கும். மனுஷனின் சோர்வு கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறது.

இது வரைக்கும் எல்லா இடத்திலும் சொல்கிற கதை. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எங்கள் டீமுக்கு நான் படித்துக் காட்டினேன்.

குயிக் ரிலீஸ் வெற்றி. அடுத்து அவர் கியர் பிரச்சினைக்குப் போனார். சக்கரத்தைக் கழற்றாமலே, சைக்கிளில் இருந்து இறங்காமலே கியர் மாற்ற வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே வழி காட்டியிருந்தார்கள். செயினின் தொய்வை ஒரு ஸ்ப்ரிங்கும் குட்டிச் சக்கரமும் எடுத்துக்கொள்ளட்டும், சக்கரம் இருந்த இடத்தில் இருக்கட்டும். துல்லியோ அந்த வழியில் போகவில்லை. அவர் கையில் குயிக் ரிலீஸ் இருந்தது. அதையே நீட்டினார்.

கம்பி கியர் என்று சொல்லலாம். பின்னாளில் காம்பியோ கோர்சா என்ற பெயரில் விற்றது. சீட்டுக்குக் கீழே வலது பக்கம் ஃப்ரேமோடு ஒட்டி இரண்டு நீளக் கம்பிகள், மேலே இரண்டு லீவர்கள். ஓட்டுபவர் ஓடுகிற சைக்கிளில் கையைப் பின்னால் விட்டு முதல் லீவரைத் திருப்ப வேண்டும். திருப்பினால் என்ன ஆகும்? பின்சக்கரம் லூஸாகும்! ஆமாம், ஓடும்போதேதான். பிறகு பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே இரண்டாவது லீவரால் செயினை வேறு பல்சக்கரத்துக்குத் தள்ள வேண்டும். பெரிய பல்சக்கரத்துக்குப் போனால் செயின் சக்கரத்தை முன்னால் இழுக்கும். சின்னதுக்குப் போனால் உடம்பின் எடையால் சக்கரம் பின்னால் நகர வேண்டும். கோணலாகப் போகக்கூடாது என்பதற்காக ஃப்ரேமிலும் ஆக்சிலிலும் பற்கள் வெட்டியிருப்பார்கள். சரியான இடம் வந்ததும் முதல் லீவரை மூட வேண்டும். சக்கரம் இறுகும்.

முதல் தடவை இதன் படத்தைப் பார்த்தபோது எங்கள் டீமே சிரித்தது. அப்புறம் யோசித்தால், முழு முட்டாள்தனம் என்றும் சொல்ல முடியவில்லை. குட்டிச் சக்கரம் கிடையாது, அதனால் கூடுதல் உராய்வு கிடையாது. புழுதியில் அடைத்துக்கொள்ள ஸ்ப்ரிங்கும் இல்லை. பழகியவர்கள் கையில் அது பறந்தது. ஜீனோ பார்த்தாலி 1948 டூர் டி ஃபிரான்ஸை இந்தக் கியரோடுதான் ஜெயித்தார். முதல் வெற்றி 1938ல், நடுவில் ஒரு உலகப் போர், பத்து வருஷம் கழித்து இரண்டாவது. அந்த ரேஸில் ஆல்ப்ஸில் அடுத்தடுத்து மூன்று நாள் அவர்தான் முதலிடம். அந்த மலைச் சாலைகளில் கையைப் பின்னால் விட்டு, சக்கரத்தை லூஸாக்கி, செயின் தள்ளி, திரும்ப இறுக்கி... நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அப்புறம் இரண்டு லீவரை ஒன்றாக்கி எளிமைப்படுத்தினார்கள். 1950ல் ஃபவுஸ்தோ கோப்பி அதை வைத்துப் பாரிஸ்–ரூபே ரேஸை ஜெயித்தார். அந்தக் கியருக்கே பாரிஸ்–ரூபே என்று பெயர் வந்துவிட்டது.

வெற்றி மேல் வெற்றி. ஆனால் கவனியுங்கள், அந்த வெற்றி வரும்போதே துல்லியோ அந்த வழியை விட்டு விலக ஆரம்பித்திருந்தார். 1949ல் அவர் ஒரு புது மாடலைக் காட்சிக்கு வைத்தார். அதில் கம்பி இல்லை, சக்கரம் லூஸாவது இல்லை. 1950களின் தொடக்கத்தில் அது கிரான் ஸ்போர்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

உள்ளே இருப்பது நம் கைனமேட்டிக்ஸ் பாடத்தின் முதல் யூனிட். ஃபோர் பார் லிங்கேஜ், அதிலும் இணைகரம். எதிரெதிர் கைகள் ஒரே நீளம். கேபிளை இழுத்தால் இணைகரம் சாயும், செயினைத் தாங்கும் கூண்டு பக்கவாட்டில் நகரும், ஆனால் கோணம் மாறாது. கூண்டு எப்போதும் பல்சக்கரங்களுக்கு இணையாகவே நிற்கும். அன்று பரவலாக இருந்த சில டீரெய்லர்களில் ஒரு தண்டு குழலுக்குள் வழுக்கிப் போய் வரும். மண் ஏறினால் அது மக்கர் பண்ணும். இணைகரத்தில் வழுக்கும் பகுதியே இல்லை, நாலு பிவட் மட்டும்தான். புழுதிச் சாலைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இது அவர் மூளையில் மட்டும் உதித்தது என்று சொன்னால் பொய். பிரான்ஸில் நிவெக்ஸ் என்ற டீரெய்லர் 1930களின் கடைசியிலேயே இணைகரத்தை வைத்திருந்தது. அது டூரிங் போகிறவர்களோடு நின்றுவிட்டது. துல்லியோ அதை ரேஸுக்குக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க மற்ற கம்பெனிகளும் போகப்போக அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று உங்கள் கியர் சைக்கிளின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். அதே இணைகரம் தொங்கிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது கிரான் ஸ்போர்ட்கூட இல்லை, அதற்கு முன்னால் போன அந்தப் பதினைந்து வருஷம். 1930களின் நடுவிலிருந்து 1949 வரை, தன் முதல் கண்டுபிடிப்பை விடவே மனசில்லாமல் அதற்குக் கம்பி நீட்டி, பல் வெட்டி, லீவர் சேர்த்து உழைத்திருக்கிறார். அதே சமயம் அந்த உழைப்பு ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே அதை ஒதுக்கி வைக்கவும் அவருக்கு முடிந்தது. இதைப் படித்துவிட்டு எங்கள் கிளட்ச்சை ஷெல்ஃபில் இருந்து எடுத்து டேபிளில் வைத்தோம். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் அதைத் தூக்கிப் போடவும் இல்லை. அது வேறு கதை, ரெண்டாவது ரிவ்யூவுக்கு அப்புறம் எழுதுகிறேன்.

மீதி வாழ்க்கையை வேகமாகவே சொல்லிவிடலாம். 1960களில் அலுமினிய உடலோடு நுவோவோ ரெக்கார்ட் வந்தது. எடி மெர்க்ஸ் அதில்தான் ஊரையே வாரி எடுத்தார். 1970களில் டைட்டானியம் சேர்ந்தது. கார்களுக்கு மெக்னீசியம் வீல் வார்த்தார்கள். 1966ல் ஒயின் பாட்டிலின் தக்கையை எடுக்கும் பெரிய திருகாணி ஒன்றையும் செய்தார். மணி மாதிரி இருக்கும் அடிப்பகுதி பாட்டில் வாயில் உட்கார்ந்து தன்னைத்தானே நடுவில் நிறுத்திக்கொள்ளும். சாப்பாட்டு மேஜையிலும் அந்த மனுஷனுக்கு எதையாவது சென்டரில் நிறுத்தாமல் தூக்கம் வராது போல.

1983 பிப்ரவரியில் இறந்தார். கம்பெனி மகன் வலென்டீனோ கைக்குப் போனது. அப்போதே காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. ஜப்பானில் சன்டூர் கம்பெனி 1964லேயே அந்த இணைகரத்தைச் சாய்வாக வைத்திருந்தது. கூண்டு பல்சக்கரங்களின் சரிவை ஒட்டியே நகரும், கியர் இன்னும் சுத்தமாக விழும். துல்லியோவின் கம்பெனி நேரான இணைகரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. சன்டூரின் காப்புரிமை 1984ல் காலாவதியானதும் ஷிமானோ அந்தச் சாய்வை எடுத்து, லீவரில் க்ளிக் க்ளிக் என்று நிற்கும் கியரோடு சேர்த்தது. காம்பன்யோலோவுக்கு அதிலிருந்து எழுந்து வர வருஷங்கள் ஆயின. இதைச் சொல்லாமல் விட்டால் துல்லியோவுக்குப் பூமாலை போட்டு முடித்த மாதிரி ஆகிவிடும்.

2020ல் அதே கம்பெனி சரளைப் பாதைக்கென்றே தனியாக ஒரு செட் கொண்டுவந்தது. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 13. பெயர் எகார். அசியாகோ பீடபூமியில் இருக்கும் ஒரு சிகரத்தின் பெயர் அது. மேலே ஒரு வானியல் தொலைநோக்கி நிலையமும் இருக்கிறது. துல்லியோ சிறுவனாக இருந்தபோது பீரங்கி முழங்கிய அதே பீடபூமி. 2022 அக்டோபரில் கிராவல் பைக்கிங்கின் முதல் அதிகாரப்பூர்வ உலகச் சாம்பியன்ஷிப் நடந்ததும் இந்தப் பக்கம்தான். தொடங்கிய இடம் விசென்சா. முடிந்த இடம் வட்டமான கோட்டைச் சுவருக்குள் இருக்கும் சித்தாதெல்லா.

அந்தப் பக்கம் போக யாருக்காவது வாய்ப்பு கிடைத்தால் (ஜெர்மனியில் எம்எஸ் படிக்கிற சீனியர்கள், உங்களைத்தான்) எளிதான வழி ஒன்று உண்டு. கால்தொனாட்சோ ஏரிக்கரையிலிருந்து ப்ரென்டா ஆற்றோடு பஸ்ஸானோ வரை சுமார் 80 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. ஆறு இறங்கும் திசையிலேயே போவதால் மூச்சு வாங்காது. கால் பலம் இருந்தால் பஸ்ஸானோவிலிருந்து க்ராப்பா மலைப் பக்கமோ அசியாகோ பக்கமோ திரும்பி, பழைய ராணுவச் சரளைப் பாதைகளைப் பிடிக்கலாம். நேரம் இருந்தால் ஃபெல்ட்ரே போய் க்ரோச்சே தாவ்னே ஏறுங்கள். இப்போது தார் ரோடுதான். கணவாயில் துல்லியோவுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயம். இன்றைய கிராவல் சைக்கிள்களில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. அந்த பிரேக் பிடிக்கும் விசைக்குச் சக்கரம் நழுவாமல் இருக்க, குயிக் ரிலீஸை எடுத்துவிட்டு ஃப்ரேமுக்குள்ளேயே திருகி ஏறும் தடித்த ஆக்சில் போடுகிறார்கள். பலவற்றில் லீவரே கிடையாது. அதனால் அந்தக் கணவாயில், குளிர்காலத்தில், பின்சக்கரம் பஞ்சரானால் கிளவுஸைக் கழற்றிவிட்டுப் பைக்குள் ஆலன் கீயைத் தேட வேண்டியிருக்கும்.